வாடகை வந்து கடனை அடைக்குமா?

போன வாரம் மல்லித் தோட்டத்துக்கு மருந்து அடிச்சிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். பையன் போனை நீட்டினான். பூந்தமல்லியில் ரெண்டு பெட்ரூம் வீடு, ஏற்கெனவே ஒருத்தர் வாங்கி விற்கிறது, விலை 50 லட்சம்.

"வாங்கி வாடகைக்கு விட்டுடலாம்பா. வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும். மெட்ரோ வேற வருது."

"முன்பணம்?"

"அம்மா நகையை வெச்சுக்கலாம்."

நகரத்துல வேலை பார்க்கிற உங்களில் பலருக்கும் இதே கணக்கு மனசுல இருக்கும். அதனால நான் உர ரசீதுக்குப் பின்னாடி போட்ட கணக்கை இங்கே எழுதுறேன்.

கடன் 30 லட்சத்துக்கு மேல, 75 லட்சத்துக்குள்ளன்னா, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைக்கும்தான் கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி. ஆக கடன் 40 லட்சம், கைக்காசு 10 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம். அது நாலரை லட்சம். இதுவும் நம்ம கையிலிருந்துதான். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 34,700 ரூபாய். அந்தத் தெருவுலயே விசாரிச்சேன், அதே அளவு வீட்டுக்கு வாடகை 15,000. மாசாமாசம் 19,700 குறையுது. நகைக்கடன் வட்டி தனி.

பையன் முகம் சுருங்கிடுச்சு. "பத்து மாச அட்வான்ஸ் வருமேப்பா"ன்னான். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு, வருமானம் இல்ல. 2017 வாடகைச் சட்டப்படி, வேற ஒப்பந்தம் இல்லேன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கவும் கூடாது.

எங்க வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு இருக்கு. 2020 ஊரடங்கில் குடியிருந்தவர் சொந்த ஊருக்குப் போயிட்டார். அஞ்சு மாசம் பூட்டியே கிடந்தது. அதுமேல கடன் இல்லாததால நிம்மதியா தூங்கினேன். 34,700 தவணை இருந்திருந்தா அந்த வருஷம் மாட்டை வித்திருப்பேன்.

வாடகை வீடே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. கடனை வாடகைக்குத் தகுந்த மாதிரி வாங்குங்கன்னு சொல்றேன். வருஷத்துல 11 மாசம்தான் வாடகை வரும்னு வெச்சுக்குங்க. பெயிண்ட், மோட்டார், வீட்டு வரின்னு மாசம் 2,000 ஒதுக்குங்க. மிச்சம் சுமார் 11,750. அது தாங்குற கடன் 13 லட்சம்தான். மீதியைச் சேர்த்துட்டு வாங்கலாம், இல்லேன்னா சின்ன வீடா பார்க்கலாம். சொந்த மனை இருக்கிறவங்க மேல ஒரு போர்ஷன் கட்டலாம். நிலத்துக்குக் காசு போடாததால வாடகை கொஞ்சம் கட்டுப்படியாகும்.

மெட்ரோ வருதுன்னு புரோக்கர் சொல்லுவார். உண்மைதான், கலங்கரை விளக்கத்துலேருந்து பூந்தமல்லி வரைக்கும் பாதை போடுறாங்க. ஆனா அது விற்கிறவருக்கும் தெரியும், விலையில ஏற்கெனவே சேர்த்திருப்பார்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல நீங்களே பார்க்கலாம். மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் வக்கீல்கிட்ட காட்டுங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு மட்டும் எந்தப் பத்திரத்துலயும் எழுதியிருக்காது. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தப்போ அடையாற்றங்கரை வீடுகள் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் ஏரியும் கால்வாயும் ஜாஸ்தி. சித்திரையில காய்ஞ்சு கிடக்கிற மனையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஐப்பசி மழையில ஒரு நாள் போய் நில்லுங்க. பக்கத்துல ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்க, கால்வாய் எங்கே ஓடுச்சுன்னு சொல்லுவார்.

பையன் இன்னும் முழுசா ஒத்துக்கல. "மழை வரட்டும்பா, பார்த்துட்டுப் பேசலாம்"னு மட்டும் சொல்லியிருக்கான். அவங்க அம்மா நகை பீரோவுலயே இருக்கு.