எக்கோ அறையில் பேசாதவர்



"எக்கோ எடுக்க வரச் சொல்லி சீட்டு கொடுத்திருக்காங்க. போனா ஒருநாள் சம்பளம் போயிடும். இப்பதான் நெஞ்சு வலி இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்."

நம் லயங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இன்னொரு பேச்சும் உண்டு.

"போனேன். அரைமணி நேரம் நெஞ்சுல வச்சு அழுத்துனாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சு போச்சு, நம்ம கதை முடிஞ்சதுன்னு. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போகவே இல்லை."

இந்த இரண்டு பேச்சும் ஆளைக் கொல்லக்கூடியவை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எக்கோ அறையில் இருப்பவர் யார், அவர் என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரியவில்லை. லயத்தில் பிறந்து, அந்த அறையில் கைக்கருவியைப் பிடித்துப் பிழைப்பவன் என்ற முறையில் அதை இன்று சொல்கிறேன்.

எக்கோ என்றால் எதிரொலி. நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். எக்கோ கருவி அனுப்பும் ஒலியோ வினாடிக்கு 20 லட்சம் அதிர்வுக்கும் மேல். அந்த ஒலி இருதயத்தில் பட்டுத் திரும்பி வருவதைக் கருவி படமாக்குகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. வழக்கமான எக்கோவுக்கு ஊசியும் இல்லை. நெஞ்சில் குளுகுளுவென்று ஜெல் தடவுகிறார்களே, அது மருந்தல்ல. தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்காகத்தான் அந்த ஜெல்.

இந்தக் கருவி தொழிலாளியின் பட்டறையிலிருந்து வந்தது என்பதை அறிவீர்களா? சுவீடன் நாட்டில் லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கே எட்லர், இருதய வால்வு சுருங்கியிருப்பதை நெஞ்சைத் திறக்காமல் அறிய வழி தேடினார். ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் அவருக்குத் துணை நின்றார். கப்பல் பட்டறையில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த ஒலிக்கருவியைக் கொண்டு ஹெர்ட்ஸ் முதலில் சோதித்துப் பார்த்தார். 1953 அக்டோபரில் இருவரும் துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். இரும்பின் விரிசலைக் காட்டிய ஒலி, மனித இருதயத்தின் பழுதையும் காட்டியது.

ஆனால் கருவி தானாகப் படம் எடுத்துவிடாது. விலா எலும்பு ஒலியை மறிக்கும். நுரையீரல் காற்றும் மறிக்கும். இடுக்கு பார்த்து, சாய்த்து, திருப்பி, அழுத்தித்தான் இருதயத்தின் 4 அறைகளையும் 4 வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், கையைத் தூக்குங்கள், மூச்சை விட்டு நிறுத்துங்கள் என்று சொல்வதெல்லாம் இதற்குத்தான். கத்தி பிடிக்கத் தெரியாதவன் மரத்தைக் காயப்படுத்துவான், பால் இறங்காது. அதைப் போலவே, கை பழகாதவர் எடுத்த எக்கோவை வைத்து மருத்துவரால் ஒன்றும் சொல்ல முடியாது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் இந்த வேலையைச் செய்பவர்களில் பலர், கூடுதல் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்கள். அந்தக் காலத்தில் நம் தோட்டத்து டிரெசர் செய்த பணிக்குச் சொந்தக்காரர்கள் என்றே சொல்லலாம்.

சரி, அவர் ஏன் வாய் திறப்பதில்லை?

அவர் அளக்கிறார். அறையின் அகலம், சுவரின் தடிப்பு, வால்வைக் கடக்கும் இரத்தத்தின் வேகம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். உங்கள் இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., பழைய நோய், சாப்பிடும் மாத்திரை இவற்றோடு அந்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்வது மருத்துவரின் பொறுப்பு. பாதி கணக்கை வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லை, போங்க" என்று சொல்வதும் தப்பு, "மோசம்" என்று சொல்வதும் தப்பு. அதனால்தான் மௌனம். நெற்றியைச் சுருக்கினால் உங்கள் இருதயம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. படம் சரியாகத் தெரியவில்லை என்றிருக்கலாம். சிரித்தால் எல்லாம் நலம் என்றும் அர்த்தமில்லை. முகத்தில் ஜோசியம் பார்க்காதீர்கள். திரையில் தெரியும் நிறங்களைப் பார்த்தும் பயப்படாதீர்கள். சிவப்பு என்றால் நல்ல இரத்தம், நீலம் என்றால் கெட்ட இரத்தம் என்பதல்ல. கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போகும் ஓட்டம் நீலம். அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் இன்னொரு குழப்பம். "60ன்னு போட்டிருக்கு. அப்போ 40 பங்கு கெட்டுப் போச்சா?" பள்ளிக்கூட மார்க்கு மாதிரி அதைப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் 100க்கு எத்தனை பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு அது. நல்ல இருதயமே சுமார் 55 முதல் 70 பங்குதான் தள்ளும். 60 என்பது நல்ல எண். 30, 35 என்று இறங்கினால் இருதயம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் இன்று மருந்து இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எக்கோ நன்றாக இருந்துவிட்டால் மாரடைப்பே வராது என்று நினைத்து, விட்ட சிகரெட்டை மறுபடி எடுக்காதீர்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களில் உள்ள அடைப்பை இந்தப் பரிசோதனை நேராகக் காட்டுவதில்லை. குலை அறுக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ நெஞ்சு இறுகினால், எக்கோ நல்லதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

தாய்மார்களே, இது உங்களுக்கு. 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, சில வாரம் கழித்து முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி வீங்கினால், "வளர்ற வயசு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வீக்கம் வடிந்துவிடும். இருதய வால்வில் விழுந்த தழும்போ நின்றுவிடும். அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, கர்ப்பமாகும்போதுதான் மூச்சு வாங்கும். தழும்பை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எக்கோ. நோய் மறுபடி தாக்காமல் காப்பது 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். கோயிலில் மந்திரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய்க்கு முதலில் பாருங்கள்.

எக்கோ அறையில் இருப்பவரும் ஒரு தொழிலாளி என்பதை மறக்கவேண்டாம். நாள் முழுதும் கையை நீட்டி, உடம்பைத் திருப்பி, கருவியை அழுத்திப் பிடிப்பதால் தோள், கழுத்து, மணிக்கட்டு வலி இந்தத் தொழிலோடு பிறந்தது. நீண்ட அரிவாளைத் தூக்கிக் குலை அறுப்பவருக்கு அந்த வலி புரியும். ஒருவர் வராமல் போனால் அந்த நேரம் வீணாகிறது. முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு நோயாளிக்கு அது கிடைப்பதில்லை. போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி வேறு தேதி வாங்குங்கள். போகும்போது மாத்திரைகளையும் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். சுலபமாகக் கழற்றக்கூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் கூச்சமாக இருந்தால் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள்.

கடைசியாகச் சம்பளப் பிரச்சினை. 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆனால் பரிசோதனைக்கு மட்டும் போய் வந்தவருக்குச் சான்றுக்குப் பதில் வெறும் நேரச்சீட்டு கிடைத்தால், அந்த நாள் பேர் விழாமல் போய்விடுகிறது. தினக்கூலிக்காரன் எக்கோவை ஒத்திப்போடுவதற்குச் சோம்பல் காரணமல்ல, இதுதான் காரணம். மருத்துவமனை தேதி குறித்துக் கூப்பிட்ட நாளைச் சம்பள நாளாகக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போய் ஒரு நல்ல வெட்டுக்காரனை இழப்பது நிர்வாகத்துக்கும் லாபமில்லை. நேரச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். தேதி கிடைத்ததுமே மண்டோரிடம் சொல்லுங்கள். கூலி பிடித்தால் சீட்டோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. பத்துப்பேர் சீட்டைக் காட்டினால் அது கோரிக்கை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இருதய நோய்க்கும் அந்த மணியோசை உண்டு. அதைக் கேட்கத் தெரிந்தவர் எக்கோ அறையில் இருக்கிறார். குறித்த தேதியில் போய்ப் படுங்கள். பிறகு மருத்துவரிடம் போய் முடிவைக் கேட்டுவிட்டே வீடு திரும்புங்கள்.