கறுப்புக் காரும் நமது கைகளும்

சென்ற இதழில் குளிர்கால ரயர்களைக் கழற்றி வைப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தமது மனக்குறையைச் சொன்னார். மூன்று வருடம் பஸ்ஸிலே வேலைக்குப் போய்வந்து சேர்த்த பணத்தில், சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு கறுப்புக் கார் வாங்கினாராம். ஆறு வருடம் ஓடிய காரானாலும் முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுங்கியதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கி, தேய்த்துக் கழுவித் துடைத்து வைப்பாராம். இப்போது வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கார் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள். பக்கத்து வீட்டுக்காரர் தமது காரைக் கழுவுவதே அருமை. அந்தக் காரில் இப்படி எதுவும் இல்லை. "பார்த்துப் பார்த்து வைத்திருந்த என்னுடைய காருக்கு ஏன் இந்தக் கதி?" என்று கேட்டார்.

பதில் கொஞ்சம் கசப்பானது. அந்தக் கீறல்களை வீதி போடவில்லை, அயலவர் போடவில்லை. பெரும்பாலானவை கழுவிய கைகளால் வந்தவை. நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எமது முதல் கார் கடும் நீலம். அதன்மேல் காய்ந்து ஒட்டியிருந்த பறவை எச்சத்தைக் கண்டு பொறுக்காமல், குசினியில் சட்டி தேய்க்கும் பச்சைத் துண்டைக் கொண்டுவந்து உரஞ்சினோம். எச்சம் போய்விட்டது. ஆனால் உள்ளங்கை அளவு மங்கல் அந்தக் காரை விற்கும் நாள் வரை போகவில்லை. வாங்க வந்தவர் முதலில் விரல் வைத்ததும் அந்த இடத்திலேதான்.

ஆகவே இம்முறை கறுப்பு, கடும் நீலம், கடும் சாம்பல் போன்ற நிறக் கார்களைப் பராமரிப்பது பற்றிப் பார்ப்போம்.

கறுப்பில் மட்டும் ஏன்?

1980களிலிருந்து வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் நிறப்பூச்சின் மேல் நிறமில்லாத இன்னொரு பூச்சு உண்டு. அதைக் கிளியர் கோட் என்பார்கள். மினுக்கம் தருவதும், சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. தகட்டின்மேல் உள்ள எல்லாப் பூச்சையும் சேர்த்தால் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பு வரும். ஆயிரம் மைக்ரோன் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீற்றர். இதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரோன்தான். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். தலைமயிரை விட மெல்லிய ஒரு படையைத்தான் நாம் ஞாயிறு தோறும் தேய்க்கிறோம். தேய்ந்து போனது திரும்ப வளராது.

வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் விழுகின்றன. வெள்ளை நிறம் தானே எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறுவதால், கீறலில் சிதறும் ஒளி அதற்குள் மறைந்துவிடும். கறுப்போ விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அந்த இருட்டுப் பின்னணியில் ஒவ்வொரு கீறலின் ஓரமும் வெள்ளைக் கோடாய்த் தெரியும். வட்ட வட்டமாகத் தெரிவதும் ஒளியின் வேலைதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்கு எதிர்ப்பட்டவை மட்டும் சூரியனையோ மின்விளக்கையோ சுற்றிய வளையம்போல எமது கண்ணுக்குப் படுகின்றன.

கீறுவது எது?

துணி தனியே அவ்வளவு கீறாது. துணிக்கும் பெயின்றுக்கும் நடுவே அகப்படும் மணல்தான் கீறுகிறது. காய்ந்த தூசியைத் தட்டுவதற்கென்று பழைய துவாயால் ஒரு இழுப்பு, நிலத்தில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி ஒரு துடைப்பு, சில்லுக் கழுவிய அதே வாளித் தண்ணீரில் கதவுக்கும் ஒரு கழுவல். கீறல்கள் இப்படித்தான் சேர்கின்றன.

காசு போட்டு நாமே கழுவும் இடங்களில் நுரை தள்ளும் பிறஷ் ஒன்று தொங்கும். அதை எடுக்கவே வேண்டாம். உங்களுக்கு முன் வந்தவர் சேற்று லொறியைத் தேய்த்த மணல் அதற்குள் இருக்கும். தண்ணீர் பீச்சும் குழாயை மட்டும் பாவியுங்கள். அதையும் ஒரு அடிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பெயின்ற் உரிந்த இடத்தில் கிட்டப் பிடித்தால் மீதியும் கிளம்பும். இயந்திரத்தில் கழுவுவதானால் சுழலும் பிறஷ் உள்ளதை விட்டு, தண்ணீரும் இரசாயனமும் மட்டும் பாவிக்கும் தொடாத வகையைத் தேடுங்கள். அதில் மருந்து கொஞ்சம் கடுமை, மெழுகு சீக்கிரம் போகும். கீறலைவிட அது பரவாயில்லை.

கழுவும் முறை

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பூக் கரைசல், மற்றதில் வெறும் தண்ணீர். சில்லுகளுக்கு மூன்றாவது வாளியும் வேறு துணியும் இருந்தால் நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தை அன்றாடம் பாவிக்க வேண்டாம். அது எண்ணெயை நீக்கச் செய்த பொருள், மேலே பூசிய மெழுகையும் கொண்டுபோய்விடும்.

காரை நிழலில் நிறுத்துங்கள். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். கடும் நிறம் சீக்கிரம் சூடாகும். சூட்டில் தண்ணீர் காய்ந்து அதிலுள்ள உப்புகள் வெள்ளைப் புள்ளியாகப் படியும்.

முதலில் சில்லுகளை முடியுங்கள். பிறகு மேலிருந்து கீழாகத் தாராளமாகத் தண்ணீர் விட்டு, தானாகப் போகக்கூடிய மணலையெல்லாம் போகவிடுங்கள். இதுதான் முக்கியமான படி. இதில் செலவிடும் ஐந்து நிமிடம் பிறகு ஐந்து மணித்தியால வேலையை மிச்சப்படுத்தும். அதன்பின் மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் தோய்த்து, கூரை, கண்ணாடி, முன்மூடி, கதவுகளின் மேற்பாதி என்று இறங்குங்கள். கதவுகளின் அடிப்பாகமும் பம்பரும் கடைசியில். மணல் அதிகம் உள்ள இடம் அது. ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துதான் மறுபடி ஷாம்பூவுக்குள் விடவேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கையுறையின் சொந்தப் பாரமே போதும். வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள்.

துடைப்பதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துவாயை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தெடுங்கள், அல்லது ஒற்றி எடுங்கள். குளியலறையில் கழித்த பழைய துவாய் இதற்கு ஆகாது. மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டு உடுப்புகளோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். உடுப்பை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அது இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கூடிய சூட்டில் காயவைத்தாலும் இழை கருகிக் கரடுமுரடாகும்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு

புதிதாக வந்த எம்மவர் பலருக்குக் குழாயும் முற்றமும் கிடையாது. பல கட்டடங்களில் வாகனத் தரிப்பிடத்தில் கழுவ அனுமதியும் இல்லை. வீதியோர வடிகாலில் போகும் சவர்க்காரத் தண்ணீர் பல இடங்களில் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. கழுவும் இடத்துக்குப் போய்த் தடித்த அழுக்கையும் உப்பையும் தண்ணீரால் நீக்குங்கள். இடையில் படியும் மெல்லிய தூசிக்கு, அலசத் தேவையில்லாத கழுவுதிரவம் கடைகளில் உண்டு. றின்ஸ்லெஸ் வாஷ் என்று கேட்கவேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் போத்தலில் எழுதியுள்ள அளவு விட்டு, பல துணிகளை அதில் ஊறப்போட்டு, ஒரு துணியின் ஒரு பக்கத்தை ஒரு இடத்துக்கு மட்டும் பாவித்து மாற்றிக்கொண்டு போகவேண்டும். சேறும் உப்புப் படையும் இருக்கும்போது இந்த முறை கூடாது.

எச்சமும் மரப்பிசினும்

பறவை எச்சத்தை வார விடுமுறை வரை விட்டுவைக்காதீர்கள். வெயிலில் கறுப்புப் பெயின்ற் சூடேறி இளகும், இரவில் குளிர்ந்து எச்சத்தைச் சுற்றி இறுகும். அதன் அச்சு அப்படியே விழுந்துவிடும். ஈரத் துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். கோடையில் மேப்பிள், லிண்டன் மரங்களின் கீழ் நிறுத்தினால் பசைபோல ஒட்டுவது பெரும்பாலும் இலையிலுள்ள அசுவினிப் பூச்சிகளின் கழிவு. அது புதிதாக இருக்கும்போது தண்ணீரோடு போய்விடும்.

குளிர்காலத்தில்

பனியைத் தள்ளும் தடித்த பிறஷ்ஷைக் கண்ணாடியோடு நிறுத்துங்கள். கூரையிலும் முன்மூடியிலும் உள்ள பனியை ஸ்பொஞ் தலையுள்ள தள்ளியால் தள்ளலாம். தகட்டோடு ஒட்டியுள்ள கடைசிப் படையைச் சுரண்டாமல் விடுங்கள். கண்ணாடிகள், விளக்குகள், இலக்கத்தகடு மட்டும் முழுச் சுத்தமாக இருக்கவேண்டும். உறைநிலைக்கு மேலே போகும் நாளில் காரைக் கழுவி, அடிப்பாகத்திலுள்ள உப்பையும் நீக்குங்கள். கதவு இறப்பர்களைத் துடைக்க மறந்தால் அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் நேரத்தில் கதவு உறைந்து திறக்காது.

கல்பட்டு உரிந்து தகடு தெரியும் புள்ளிகளைக் குளிர்காலத்துக்கு முன் மூடிவிடவேண்டும். ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியில் பெரும்பாலும் நிறக் குறியீடு இருக்கும். அந்த இலக்கத்தைச் சொன்னால் தொட்டுப் பூசும் சிறு போத்தல் வாங்கலாம். கீறல் அழகை மட்டும் கெடுக்கும். உரிந்த புள்ளியில் உப்புப் பட்டால் காரையே கறள் தின்னும்.

பொலிஷ் வேறு, மெழுகு வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். பொலிஷ் என்பது நுண்ணிய உரஞ்சுபொருள். கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்துச் சமப்படுத்துவதால் கீறல் மறைகிறது. மெழுகு எதையும் தேய்க்காது, மேலே ஒரு காப்பாகப் படியும். ஆகவே மெழுகைப் பல தடவை பூசலாம். பொலிஷை எண்ணித்தான் பாவிக்கவேண்டும்.

கார் மெழுகுகளில் பெயர்பெற்ற கர்னௌபா, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து வருகிறது. எமது பனையைப் போலவே அதுவும் விசிறி ஓலை மரம். வரட்சியில் ஈரம் போகாமல் காக்க ஓலைமேல் படியும் மெழுகைக் காயவைத்து உதிர்த்து எடுக்கிறார்கள். கறுப்புக்கு நல்ல ஆழமான மினுக்கம் தரும், ஆனால் சில வாரங்கள் முதல் இரண்டொரு மாதம் வரைதான் நிற்கும். செயற்கைக் காப்புத் திரவங்கள் பல மாதம் நிற்கும். செரமிக் பூச்சு வருடக்கணக்கில் நிற்கக்கூடியது. அழுக்கு இலகுவில் போகும், தண்ணீர் உருண்டோடும். ஆனால் கல் பட்டால் உரிவதை அது தடுக்காது. மணலோடு தேய்த்தால் அதன்மேலும் கீறல் விழும்.

கையெழுத்து வைக்குமுன்

கார் விற்கும் இடத்தில் கடைசி மேசையில், "கறுப்பு நிறம், பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் கெட்டுவிடும்" என்று ஒரு பொதி சொல்வார்கள். ஆயிரம் டொலருக்கு மேலும் கேட்பதுண்டு. "மாதம் 24 டொலர்தானே" என்று இலகுவாக வரும். 1,200 டொலரை 8 வீத வட்டியில் 60 மாதக் கடனோடு சேர்த்தால், வரியைக் கணக்கில் எடுக்காமலே ஏறக்குறைய 1,460 டொலர் கட்டி முடிப்பீர்கள். அது கட்டாயமல்ல. வேண்டாம் என்று சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து அந்த வரியை நீக்கிய பின் கையெழுத்து வையுங்கள். ஒன்ராறியோவில் டீலரிடம் வாங்கும் காருக்கு, வாங்கியபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் சட்டத்தில் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு

தொலைபேசியில் கேட்ட வாசகருக்கு எமது பதில் இதுதான். நகத்தை மெதுவாகக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் அது ஆழம், பொலிஷால் போகாது. தடக்காவிட்டால் நம்பிக்கை உண்டு. மென்மையான பொலிஷைக் கண்ணில் அதிகம் படாத ஒரு சாண் இடத்தில் கையால் பூசிப் பாருங்கள். வேகமாகச் சுழலும் இயந்திரத்தைப் பழக்கமில்லாமல் வாங்கிவந்து உங்கள் சொந்தக் காரில் பழகாதீர்கள். ஓரங்களில் சில வினாடியில் பூச்சு எரிந்து போகும். முழுவதும் செய்விக்க விரும்பினால், பூச்சின் தடிப்பை அளந்துவிட்டு வேலை தொடங்கும் தொழிலாளியைத் தேடுங்கள். பழைய காரில் முன்பே எத்தனை முறை தேய்த்திருப்பார்களோ, அளக்காமல் எவருக்கும் தெரியாது.

ஆனால் கழுவும் முறையை முதலில் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இரண்டு மாதத்தில் அதே வலை மறுபடி வரும், கிளியர் கோட் மட்டும் மெலிந்திருக்கும்.

பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து நீக்கவும் வேண்டாம். தகப்பனோடு சேர்ந்து செய்யும் வேலை அவர்களுக்கு நெடுநாள் நினைவில் நிற்கும். சில்லு வாளியை மூத்தவருக்குக் கொடுங்கள். தண்ணீர்க் குழாயைச் சின்னவர் பிடிக்கட்டும். கையுறையை மட்டும் நீங்கள் வைத்திருங்கள்.

அடுத்த இதழில் கார் பற்றரி பற்றிப் பார்ப்போம்.