ஃப்ளாப்பி டிரைவரை யார் சரிபார்ப்பது?

2019 ஜூலையில் லினக்ஸ் கெர்னலின் ஃப்ளாப்பி டிரைவரை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 'அனாதை', அதாவது பராமரிக்க ஆளில்லாதது, என்று குறித்தார். 1991-இல் அவரே எழுதத் தொடங்கிய நிரல் அது. அதைப் பராமரித்தவரிடம் வேலை செய்யும் ஃப்ளாப்பி டிரைவே இல்லாமல் போயிருந்தது. யூஎஸ்பி ஃப்ளாப்பிகளுக்கோ இந்த டிரைவர் தேவையில்லை.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது, அதைக் கவனிக்க இன்னும் ஆள் வேண்டும். அதே மாதம் இதில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்பட்டன. வட்டின் செக்டார் எண்ணிக்கையை டிரைவர் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது. தவறான எண்ணைக் கொடுத்து ஃபார்மட் செய்யச் சொன்னால் பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய்விடும். இன்னொன்று, தனக்கு ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிப்பது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஎம்யூ அப்போது ஃப்ளாப்பியைத் தானாகவே சேர்த்துவிடும் என்பதால், ஃப்ளாப்பியைக் கண்ணால் கண்டிராதவர்களின் கணினியிலும் இந்த ஆபத்து இருந்தது.

ஆனால் திருத்தங்களை மெய்நிகர் கணினியில் மட்டும் சோதித்தால் போதாது. 1.44 எம்பி வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும். ஒரு செக்டார் தப்பினால் அடுத்த சுற்றுக்கு 200 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். மோட்டார் வேகமெடுக்கும் தாமதம், பாதியில் வட்டை உருவுவது, தேய்ந்த காந்தப்பூச்சு இவையெல்லாம் உண்மையான டிரைவில்தான் தெரியும். பிற்பாடு ஒருவர் இதன் பராமரிப்பை ஏற்றார். பழைய டிரைவ் வைத்திருப்பவர்கள் திருத்தங்களை அதில் ஓட்டிப் பார்த்துச் சொன்னால், அவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.