எந்தக் கடிதத்தைப் படித்தார்கள்?

ஔரங்கசீப்பைப் பற்றித் தொலைக்காட்சியில் சண்டை நடந்தால், மறுநாள் என் வகுப்பில் கேள்வி தயாராக இருக்கும்: "யார் சொல்வது சரி, ஐயா?" அவர்கள் எந்தக் கடிதத்தை, எந்த மொழியில் படித்தார்கள் என்று முதலில் கேளுங்கள் என்பேன். வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்காரிடம் நான் கற்ற கேள்வி அது.

1870இல் வங்காளத்தில் பிறந்த அவர் எம்.ஏ. படித்தது ஆங்கில இலக்கியம். முகலாயர் வரலாற்றுக்காகவே பாரசீகம் கற்றார். மராத்தியும் பிரெஞ்சும் கற்றார். அரசவையின் அன்றாடச் செய்தி மடல்களான 'அக்பாரத்' லண்டனில் இருந்தன, படியெடுத்து வரவழைத்தார். ஔரங்கசீப் பற்றிய ஐந்து தொகுதிகள் 1912 முதல் 1924 வரை வெளிவந்தன.

நம் செஞ்சிக் கோட்டையையே பாருங்கள். 1690இல் முகலாயர் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. ஏன் இத்தனை ஆண்டு? முகலாயப் படையோடு இருந்த பீம்சேன் பாரசீகத்தில் எழுதிய நினைவுகளையும், புதுச்சேரியின் பிரெஞ்சுத் தலைவர் மார்த்தேன் எழுதியவற்றையும் சர்க்கார் அருகருகே வைத்தார். தளபதி சுல்பிகர் கான் வேண்டுமென்றே போரை இழுத்தடித்தார் என்பது இரண்டிலிருந்தும் தெரியவந்தது. ஒருவரையொருவர் சாராத இரு சாட்சிகள்! இந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சிவாஜியைப் பற்றி எழுதியபோதும் அப்படித்தான். காலத்தால் பிந்திய 'பகர்' என்னும் மராத்தி உரைநடை வரலாறுகளை அவர் எளிதில் ஏற்கவில்லை. புனேயில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அவர் முடிவுகள் எல்லாம் நிலைக்கவில்லை. முகலாயப் பேரரசின் சரிவுக்கு ஔரங்கசீப்பின் மதக் கொள்கையை முக்கியக் காரணமாக்கினார். 1966இல் வரலாற்றாசிரியர் அதர் அலி, மன்சப்தார்கள் எனப்பட்ட முகலாய அதிகாரிகளைப் பெயர்பெயராகப் பட்டியலிட்டு, அந்த ஆட்சியின் பிற்பகுதியில் உயர்பதவிகளில் இந்துக்களின் பங்கு கூடியதைக் காட்டினார். சர்க்காரை மறுக்கவும் ஆவணங்களுக்குத்தான் போகவேண்டியிருந்தது. எதைப் பார்த்து எழுதினேன் என்று அடிக்குறிப்பில் சொல்பவரைத்தான் இப்படித் திருத்த முடியும். மேடையில் முழங்குபவரை எதைக்கொண்டு திருத்துவது?

படிக்க வேண்டிய ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. தஞ்சை மராத்தியர் காலத்தில் மோடி என்னும் மராத்தி எழுத்தில் எழுதப்பட்ட ஆவணங்கள் நம்மிடமே கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களோ மிகக் குறைவு. மோடி, பாரசீகம், கல்வெட்டுத் தமிழ் ஆகியவற்றில் ஒன்றையாவது வாசிக்கத் தெரியாமல் எந்த மாணவரும் எம்.ஏ. வரலாற்றுப் பட்டம் பெறக்கூடாது. பல்கலைக்கழகங்கள் இதை வரும் கல்வியாண்டிலேயே பாடத்திட்டத்தில் சேர்க்கவேண்டும்; கற்பிக்க ஆசிரியர்களையும் நியமிக்கவேண்டும்.