தோழி என்றொரு ஊழியக்காரி

சென்ற ராமநவமித் திருவிழாவின்போது, கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் இரண்டு பெண்பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூ தேர்வு முடித்தவர்கள். இயற்பியல் கணக்கொன்றில் யார் போட்ட விடை சரி என்பதே விவகாரம். குரல் உயர்ந்தது, ஒருத்திக்குக் கண் கலங்கியது. ஐந்து நிமிடத்தில் ஒரே பொட்டலத்திலிருந்து இருவரும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அருகில் நின்ற பெரியவர் சிரித்தபடி, "பொண்ணுக்குப் பொண்ணுதான் எதிரின்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதே வாக்கியத்தைச் சற்றே நாகரிகமான சொற்களில் திரும்பத் திரும்ப எழுதும் நம் இலக்கிய உலகத்தின்மேல்தான் கோபம். இரண்டு விடலைப் பையன்கள் முட்டிக்கொண்டால் அது ஆளுமை உருவாகும் தருணம். பெண்பிள்ளைகள் முட்டிக்கொண்டால் பொறாமை. ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள்.

நம் மரபில் தோழி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறாள், ஊழியக்காரியாக. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்றே அடையாளம் காட்டுகிறது. தலைவியின் மனத்தைத் தலைவனுக்குச் சொல்வதும், அவனைக் கடிந்துகொள்வதும், அறத்தொடு நிற்பதும் அவள் கடமைகள். தலைவியை மிஞ்ச வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டா? அகமரபு அதைக் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணகியின் கனவைக் கேட்க ஒரு தேவந்தி, மணிமேகலையுடன் உவவனம் போக ஒரு சுதமதி. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் ஒருமுறைகூட நேருக்குநேர் சந்திப்பதில்லை. ஆனாலும் பெண்களின் போட்டி என்றதும் நமக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நடுவில் ஓர் ஆண் நிற்கிறான் அல்லவா!

போட்டி சமமானவர்களுக்கிடையே மட்டுமே சாத்தியம். ஊழியக்காரி எஜமானியோடு போட்டியிட முடியாது. தமிழ்ப்பெண் தனக்குச் சமமான இன்னொருத்தியைப் பெருந்திரளாகக் கண்டடைந்த இடம் பள்ளி வகுப்பறை. உறவும் ஊரும் தெரிந்து கொடுக்காத ஒருத்தி, பக்கத்து இருக்கையில். அவளைப்போல் எழுத வேண்டும், அவளைவிட நன்றாக எழுத வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒரே மூச்சில் பிறக்கின்றன. இது வலிக்காது என்று நான் சொல்லவில்லை. வலிக்கும். ஆனால் தன் அளவை அறிய ஒரு பெண்ணுக்கு அதைவிட நேர்மையான கண்ணாடி கிடையாது.

இந்த நட்பைக் கொன்றது பொறாமை அல்ல, கல்யாணம். துவரங்குறிச்சியில் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ராபியாவையும் அவள் தோழிகளையும் எழுதியபோது, அதன் மீறல்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு அச்சிறுமிகளின் நட்பைப் பற்றி நாம் பேசினோமா? இத்தாலியில் எலெனா ஃபெரான்டே 2011 முதல் 2014 வரை நான்கு பெரிய நாவல்களை நேப்பிள்ஸைச் சேர்ந்த இரு சிநேகிதிகளின் போட்டியைக்கொண்டே எழுதி முடித்தார். ஒருத்தி படிக்கிறாள், மற்றவள் பதினாறு வயதில் மணமுடிக்கிறாள். இந்தக் கதை நேப்பிள்ஸில் மட்டுமா நடந்தது?

அரசாங்கம்கூட நம்மைவிட முந்திக்கொண்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் திருமணத்துக்குத் தரப்பட்ட உதவி, 2022இல் 'புதுமைப் பெண்' திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் என்றானது. தாலிக்குத் தங்கம் என்ற இடத்தில் படிப்புக்குப் பணம். இரண்டு சிநேகிதிகள் இன்னும் மூன்று வருடம் சேர்ந்து பஸ் ஏறலாம், சேர்ந்து சண்டையிடலாம் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

கோயில் வாசலில் சண்டையிட்ட அந்த இருவரும் யாருக்கும் தோழியர் அல்லர், தலைவியர். அவர்களை எழுதத் தெரியாதவர்கள் தமிழ்ப்பெண்ணின் அகத்தை எழுதிவிட்டதாகச் சொல்லிக்கொள்வதை இனியேனும் நிறுத்தட்டும்.