காரட்டும் குழலாகும்

இசையைத் தொழிலாகக் கொள்ளாமல், விருப்பத்திற்காக மட்டும் வாசிப்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பகலில் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் இரவில் கித்தார் மீட்டுகிறார். வீட்டுப்பாடத்தை முடித்த மாணவி மின்னியல் விசைப்பலகையின் முன் அமர்கிறாள். இத்தகையோருள் பலருக்கு இன்று ஒரு புதிய ஆர்வம் தோன்றியுள்ளது. இதுவரை கேட்டிராத கருவிகளையும் விந்தையான இசை முயற்சிகளையும் இணையத்தில் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

இதைக் காணும் பெரியவர்கள், “இதெல்லாம் ஓர் இசையா? உருப்படியாக ஒரு பாடலைப் பயிற்சி செய்யக்கூடாதா?” என்று கடிந்துகொள்வதுண்டு. அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும், விந்தையான இசைமீது கொள்ளும் ஆர்வத்தை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுவது சரியாகாது. ஆர்வலர் அதை முறையாகப் பயன்படுத்தினால், வகுப்பறையில் எளிதில் கிடைக்காத சில பாடங்களை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காய்கறி இசைக்குழுவை எடுத்துக்கொள்வோம். இக்குழுவினர் நிகழ்ச்சிக்கு முன்பு சந்தைக்குச் சென்று புத்தம் புதிய காய்கறிகளை வாங்குகிறார்கள். காரட்டைத் துளையிட்டுக் குழலாக்குகிறார்கள். பூசணிக்காயை முரசாகத் தட்டுகிறார்கள். லீக் கீரைத் தண்டுகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புகிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர்களுக்குக் காய்கறிச் சூப் வழங்குகிறார்கள்.

முதன்முறை பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவது இயல்பே. ஆனால், சற்று ஊன்றிக் கேட்டால் அவர்களின் உழைப்பு புலப்படும். குழலின் நீளம் மாறினால் சுருதி மாறும். துளையின் இடம் சிறிது விலகினாலும் சுருதி பிசகும். காய் வாடத் தொடங்கினால் அதன் ஒலியும் மாறிவிடும். ஆகவே, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கருவிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். மற்றவர்களோடு இசைந்து ஒலிக்குமாறு அவற்றைச் சரிபார்க்கவும் வேண்டும். கடையில் வாங்கிய கருவியை மட்டும் வாசிக்கும் ஒருவர், அதில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சிந்திக்காமலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிடலாம். காரட்டைக் குடைபவரால் அவ்வாறு இருக்க முடியாது.

மற்றோர் எடுத்துக்காட்டு சுவீடன் நாட்டு இசைக் கலைஞர் மார்ட்டின் மோலின் உருவாக்கிய கோலிக்குண்டு இயந்திரம். பெரும்பகுதி மரத்தால் ஆன அந்த இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் சுழற்றினால், ஏறத்தாழ 2,000 எஃகுக் குண்டுகள் மேலேறி, குறித்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கீழே விழும். அவை உலோகப் பட்டைகள்மீதும் கித்தார் நரம்புகள்மீதும் மோதி இசையை எழுப்பும். ஓராண்டுக்கும் மேலான உழைப்பில் உருவான அவ்வியந்திரத்தின் காணொளி 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்தது. அதைக் கோடிக்கணக்கான முறை மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் காணொளியின் நீளம் சில நிமிடங்களே. ஆனால், அதற்குப் பிந்திய கதைதான் இசை ஆர்வலர்கள் அறிய வேண்டியது. முதல் இயந்திரம் மேடைக்கு மேடை எடுத்துச் செல்லும் அளவுக்கு உறுதியாக இல்லை. எனவே, மோலின் இரண்டாவது இயந்திரத்தைக் கட்டத் தொடங்கினார். பல நாட்டு ஆர்வலர்கள் அவருக்கு உதவினார்கள். சில ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக உழைத்த பின்னரும் அது அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. இறுதியில் அதைக் கைவிட்டு, மூன்றாவது இயந்திரத்திற்கான வேலையில் இறங்கினார். இந்தத் தடுமாற்றங்களை அவர் மூடி மறைக்கவில்லை. எல்லாவற்றையும் காணொளிகளாக வெளியிட்டார். வெற்றி பெற்றவர்களின் மேடை நிகழ்ச்சிகளை மட்டும் பார்த்து, “எனக்கு இது வராது” என்று மனம் தளரும் இளையோருக்கு இத்தகைய காணொளிகள் ஊக்கமளிக்கும்.

புதுமையை வரவேற்பது மரபைக் கைவிடுவதாகும் என்று அஞ்சுவோரும் உண்டு. கர்நாடக இசையின் வரலாற்றைப் பார்த்தால் இந்த அச்சத்திற்கு இடமில்லை. இன்று கச்சேரி மேடையில் பாடகருக்கு அருகில் தவறாமல் இடம்பெறும் வயலின், ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். பிற்காலத்தில் கத்ரி கோபால்நாத் சாக்சபோனிலும், உ. ஸ்ரீநிவாஸ் மின்சார மேண்டலினிலும் இராகங்களை வாசித்து உலகப் புகழ் பெற்றார்கள். அவர்கள் புதிய கருவியைக் கையில் எடுத்தபோது பழைய இலக்கணத்தைத் தூக்கி எறியவில்லை. அந்த இலக்கணத்தை ஆழமாகக் கற்றிருந்ததால்தான் புதிய கருவியையும் அதற்கு இசைய வைக்க முடிந்தது.

மரபிலிருந்து புதுமை பிறப்பதும் உண்டு. 2000ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ‘ஹாங்’ என்னும் கருவி உருவானது. இரண்டு எஃகுக் கிண்ணங்களைக் கவிழ்த்துச் சேர்த்தாற்போன்ற அதைப் பார்ப்பவர்கள் பறக்கும் தட்டு என்றுகூடச் சொல்வார்கள். டிரினிடாட் நாட்டில் எண்ணெய்ப் பீப்பாய்களிலிருந்து உருவான எஃகு முரசும், தென்னிந்தியாவின் கடமும் அதற்கு வித்திட்டவை. கடம் மண்பானைதான். மானாமதுரையில் மண்ணைப் பிசைந்து செய்யும் கைகளின் நுட்பம் ஐரோப்பியக் கருவி ஒன்றுக்கும் வழிகாட்டியிருக்கிறது. கடத்தைப் பழமை என்றும் ஹாங்கைப் புதுமை என்றும் பிரித்துப் பார்ப்பவர் இந்த உறவைக் காணத் தவறிவிடுவார்.

இவ்வளவு நன்மை இருந்தாலும் இந்த ஆர்வத்தில் இரண்டு ஆபத்துகள் மறைந்திருக்கின்றன. முதலாவது, கண்ணைக் கவர்வதெல்லாம் நல்ல இசை என்று நம்பிவிடுவது. இணையத்தில் பார்வையாளர் எண்ணிக்கைக்காகவே செய்யப்படும் வித்தைகள் ஏராளம். அவற்றை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. காணொளியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கருவி கண்ணில் படாதபோதும் அந்த இசை மனத்தைத் தொட்டால் அதில் சரக்கு இருக்கிறது. தொடாவிட்டால் அது வித்தை மட்டுமே.

இரண்டாவது ஆபத்து அதைவிடப் பெரியது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கியவர் பத்து மணிக்கு நிமிர்ந்து பார்க்கும்போது, அவருடைய கித்தார் உறையைவிட்டு வெளியே வந்திருக்காது. பெரியவர்களின் கடிந்துரையில் உள்ள நியாயம் இதுதான். இசைப்பவராக இருந்தவர் வெறும் பார்வையாளராக மாறிவிட்டால், எத்தனை அரிய இசையைக் கேட்டும் பயனில்லை.

கேட்பதைச் செயலாக மாற்றியவர்களுள் இஸ்ரேலிய இசைக் கலைஞர் குட்டிமான் குறிப்பிடத்தக்கவர். யூடியூப் தளத்தில் முன்பின் அறியாத பலர் தனித்தனியே பதிவேற்றியிருந்த காணொளிகளை அவர் பொறுமையாகக் கேட்டார். ஒருவரின் முரசொலி, மற்றொருவரின் பியானோ, வேறொருவரின் குரல் எனத் தேர்ந்தெடுத்து, அவற்றை இணைத்து 2009ஆம் ஆண்டு முழுமையான பாடல்களாக வெளியிட்டார். தங்கள் அறைகளில் தனியே வாசித்தவர்கள் ஒரே இசைக்குழுவாக ஒலித்தார்கள். மூலக் காணொளிகள் எவை என்பதையும் அவர் தெரிவித்திருந்தார். பிறரின் இசையை எடுத்தாளும் மாணவர்கள் உரியவர்களின் பெயரைக் குறிப்பிடும் இந்தப் பழக்கத்தையும் பின்பற்ற வேண்டும்.

எல்லாரும் கோலிக்குண்டு இயந்திரம் கட்ட வேண்டியதில்லை. சமையலறையில் இருக்கும் ஏழு பீங்கான் கிண்ணங்களே தொடக்கத்திற்குப் போதும். நீரை ஊற்ற ஊற்ற, தட்டும்போது எழும் சுருதி தாழும் என்பதைக் காதால் அறிந்து, கிண்ணங்களை ஏழு சுரங்களுக்கு ஏற்ப அமைக்க முயன்றால், ஜலதரங்கக் கலைஞரின் திறமை எத்தகையது என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். அதன்பின் அவர் வாசிப்பைக் கேட்கும் காது முன்பிருந்த காதாக இராது.

இதற்குத் தேர்வு இல்லை, சான்றிதழும் இல்லை. அதனால்தான் பலர் இதை வீண் வேலை என்று எண்ணுகிறார்கள். ஆனால், யாரும் மதிப்பெண் தராதபோதும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் பழக்கம் இளமையில் அமைவது அரிது. அது ஒரு மாணவரிடம் இசையின் வழியாக அமைகிறது என்றால், பெற்றோர் அதைத் தடுக்காமல், கேட்பதற்கு ஒரு நேரமும் வாசிப்பதற்கு அதைவிடக் கூடுதலான நேரமும் ஒதுக்கிக் கொடுப்பதே நன்று.