தூத்துக்குடியின் ஏழு இருக்கை வண்டி எடுபடுமா?

தூத்துக்குடி சிப்காட் தொழிற்பூங்காவில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமைத்துள்ள மின்வாகன ஆலையை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு ஒன்றரை ஆண்டுக்குள் உற்பத்தி தொடங்கியது பாராட்டுக்குரிய வேகம். 400 ஏக்கர் பரப்பிலான அந்த ஆலையின் தொடக்க உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 50,000 வண்டிகள்; பின்னர் அதை ஒன்றரை லட்சமாக உயர்த்துவது திட்டம். முதலில் விற்பனைக்கு வந்த இரு வண்டிகளும் ஐவர் அமரக்கூடியவை. அடுத்ததாக, வியட்நாமில் 'லிமோ கிரீன்' என்ற பெயரில் ஓடும் ஏழு இருக்கை மின்வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது.

கார் விமர்சகர்கள் இதன் முகப்பு விளக்கையும் தொடுதிரையையும் பற்றி எழுதுவார்கள். நமக்கு வேண்டியது வேறு கேள்வி. தென் மாவட்டங்களில் நெடுங்காலத்துக்குப் பிறகு வந்திருக்கும் பெரிய ஆலை இது. அதன் பொறிகள் தொடர்ந்து ஓடுமா என்பது அங்கு செய்யப்படும் வண்டி குடும்பங்களிடம் எடுபடுகிறதா என்பதைப் பொறுத்தது. தூத்துக்குடி, நெல்லை, தென்காசி மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து வெளிவரும் பிள்ளைகளின் வேலையும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு புதிரைத் தீர்க்க வேண்டும். தமிழகத்தில் குடும்பம் சுருங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தாம். எங்கள் கீழப்பாவூர்ப் பேரூராட்சியில் எந்தத் தெருவில் எண்ணிப் பார்த்தாலும், நிரந்தரமாக வீட்டில் இருப்பவர்கள் மூன்று அல்லது நான்கு பேர். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். நால்வர் வாழும் நாட்டில் எழுவர் வண்டி ஏன் விற்க வேண்டும்? ஆனால் விற்கிறது. 2024-25 நிதியாண்டில் மாருதியின் எர்டிகா ஏறத்தாழ 1.9 லட்சம் விற்று, இந்தியாவின் எல்லாக் கார்களுக்குள்ளும் நான்காம் இடத்தைப் பிடித்தது.

வசிக்கும் குடும்பம் வேறு, பயணம் செய்யும் குடும்பம் வேறு என்பதே விடை. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் புறப்படும்போது நால்வர் எண்மராகிவிடுகிறார்கள். சாரல் தொடங்கியதும் ஊரிலிருந்து வரும் மைத்துனர் குடும்பத்தை ஐந்தருவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காதுகுத்து, வளைகாப்பு, சபரிமலை என்று ஆண்டில் பத்துப் பதினைந்து நாள்கள் கூட்டுக்குடும்பம் உயிர்பெற்று எழுகிறது, பிறகு கலைந்துவிடுகிறது. மின்வாரியம் உச்சநேரத் தேவைக்காக மின்நிலையம் கட்டுவதுபோல, மக்கள் இந்த உச்சநாள் தேவைக்காக வண்டி வாங்குகிறார்கள்.

இது பொருளியல் கணக்குக்கு ஒத்துவருமா? 15 லட்சம் ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 9 விழுக்காடு வட்டியில் முதலாண்டு 1.35 லட்சம், தேய்மானம் 10 விழுக்காடு என்றால் 1.5 லட்சம், காப்பீடும் பராமரிப்புமாக 40,000. எரிபொருளைச் சேர்க்காமலே ஆண்டுக்கு மூன்றேகால் லட்சம். ஓட்டுநரும் எரிபொருளும் அடங்க ஒரு நாள் வாடகை 5,000 ரூபாய் என்றாலும், ஆண்டில் 65 நாள்கள் வாடகைக்கு எடுத்தால்தான் சொந்த வண்டிச் செலவை எட்ட முடியும். பதினைந்து நாளுக்காக எவரும் வாங்கக்கூடாது என்றே இக்கணக்கு சொல்லும்.

கல்லூரியில் இத்தகைய கணக்கைக் கரும்பலகையில் முடித்துவிட்டு நுகர்வோர் பகுத்தறிவுடன் நடப்பதில்லை என்று சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. அது சரியன்று. வாடகை என்பது, வெவ்வேறு மனிதர்களுக்கு வெவ்வேறு நாளில் வண்டி தேவைப்படும்போதுதான் சிறப்பாக இயங்கும். பங்குனி உத்திரம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது. ஆவணி, தை முகூர்த்தங்களும் அப்படியே. அன்று பாவூர்சத்திரம் நிறுத்தத்தில் நிற்கும் அத்தனை வண்டிகளும் ஒரு மாதம் முன்பே பேசப்பட்டிருக்கும். எஞ்சியவை இரட்டிப்பு வாடகை கேட்கும். எல்லோருடைய உச்சமும் ஒன்றாக மோதும் இடத்தில் சொந்த வண்டி ஒருவகைக் காப்பீடு. நள்ளிரவில் வயதான தாயாரைப் படுக்கவைத்துப் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்த வீட்டாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே தேவை உண்மையானது. ஆனால் தேவை இருக்கிறது என்பதற்காகப் புதிய வண்டி வென்றுவிடாது. இந்தப் பிரிவில் தோற்றவற்றின் பட்டியல் வென்றவற்றைவிட நீளம். சென்னை ஒரகடத்தில் நிஸான் தயாரித்த இவாலியா 2012-இல் வந்தது. தாராளமான இடவசதி, வேன்போன்ற தோற்றம், தொடக்கத்தில் பின்னிருக்கைக் கண்ணாடியைக் கீழே இறக்க முடியாது. வெளியே கை நீட்டிச் சாரலைத் தொட முடியாத வண்டியைக் குற்றாலத்துக்கு யார் கொண்டுவருவார்கள்? அதே வண்டியை அசோக் லேலண்டு 'ஸ்டைல்' என்ற பெயரில் விற்க முயன்று 2015-இல் கைவிட்டது. ஹோண்டாவின் மொபிலியோ 2014-இல் வந்து மூன்றாண்டுகளில் மறைந்தது. ரெனோவின் லாட்ஜி 2015-இல் வந்து, 2020-இல் விடைபெற்றது. மகிந்திராவின் மராசோ 2018-இல் வந்தபோது மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்ற உறுதியான வண்டி. டீசலில் மட்டுமே கிடைத்தது, சந்தையோ டீசலைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. இவற்றில் எதுவும் மோசமான வண்டி அன்று.

வென்றவை எப்படி வென்றன? டொயோட்டா 2000-இல் குவாலிஸைக் கொண்டுவந்தது. அழகுக்காக அதை எவரும் வாங்கவில்லை. வாடகை வண்டிக்காரர்கள் வாங்கினார்கள், அது பழுதாகவில்லை, செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறிக் கேரளம் போய் ஐயப்ப பக்தர்களுடன் நூறுமுறை திரும்பி வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு 2005-இல் இன்னோவாவை இறக்கினார்கள். வாடகை வண்டியில் பின்னால் அமர்ந்து பயணம் செய்த குடும்பத் தலைவர், ஓட்டுநரிடம் "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்று கேட்டார். மூன்று லட்சம் என்ற பதிலைக் கேட்டு வீடு திரும்பி, தாமும் ஒன்று வாங்கினார். தொலைக்காட்சி விளம்பரத்தைக் காட்டிலும் அந்த ஓட்டுநரின் சொல் கனமானது. அவருக்குக் கழிவுத்தொகை எதுவும் இல்லை.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை நல்ல பொருளுக்கும் நல்ல விலை தராது என்பது அவர் வாதம். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊர் வாடகை வண்டிக்காரர்கள் அந்த அறியாமையை நீக்கும் இலவச ஆய்வுக்கூடம். பத்தாண்டு ஓடிய இன்னோவாவுக்கு இன்றும் கிடைக்கும் விலைதான், அந்த ஆய்வுக்கூடம் அளிக்கும் சான்றிதழ்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வாடகை வண்டி என்ற முத்திரை அளவுக்கு மீறினால் குடும்பங்கள் விலகிக்கொள்ளும். மாருதி இதை நன்கு அறிந்திருக்கிறது: எர்டிகாவையே வாடகைக்காரர்களுக்கு 'டூர் எம்' என்றும், ஆறு இருக்கையுடன் சற்றே வசதியானவர்களுக்கு 2019 முதல் 'எக்ஸ்எல்6' என்றும் பிரித்து விற்கிறது. லிமோ கிரீன் வியட்நாமில் பெரும்பாலும் மின்டாக்சி சேவைக்காக உருவான வண்டி. பெயரே அதைச் சொல்கிறது. இந்தியாவிலும் அதே வழியில் நுழைந்தால் எண்ணிக்கை விரைவில் உயரும். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது டாக்சி என்று எவரும் கேட்டுவிடக்கூடாதே என்ற கவலையும் நம் நடுத்தர வர்க்கத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரிதான்.

விலைப்பக்கம் வின்ஃபாஸ்டுக்குச் சாதகம், அதுவும் அரசின் தயவால். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் வண்டிக்கு 18 விழுக்காடு, அதைவிடப் பெரியவற்றுக்கு 40, மின்வண்டிக்கு 5. வரிக்கு முன் பத்து லட்சம் மதிப்புள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். அது நீளமான பெட்ரோல் வண்டியானால் ஜிஎஸ்டியுடன் 14 லட்சம். அதன்மேல் தமிழகத்தின் வாழ்நாள் வரி 18 விழுக்காடு சேர்ந்து 16.52 லட்சம். அது மின்வண்டியானால் பத்தரை லட்சத்தில் நின்றுவிடும், ஏனெனில் மாநில அரசு மின்வண்டிக்கு வாழ்நாள் வரி விலக்கு அளித்து வருகிறது. ஆறு லட்சம் ரூபாய் இடைவெளி! மின்கலத்தின் கூடுதல் விலையை இந்த இடைவெளிதான் விழுங்கிக்கொள்கிறது. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நான்கு மீட்டர் என்ற வரம்பு, குடும்பத்தின் அளவைப் பற்றி எதுவும் அறியாதது. அந்த வரம்புக்குள் ரெனோ டிரைபரைப் போல ஏழு இருக்கைகளைப் பொருத்துவது பொறியியல் திறமைதான். ஆனால் மூன்றாம் வரிசையில் அமரும் சித்தப்பாவின் முழங்கால் அல்லவா வரியைச் செலுத்துகிறது.

பயணத் தொலைவு அடுத்த தடை. வியட்நாமில் விற்கப்படும் வடிவத்தில் சுமார் 60 கிலோவாட்-மணி மின்கலம். ஒருமுறை மின்னேற்றினால் 450 கிலோமீட்டர் என்கிறார்கள். ஐரோப்பாவே கைவிட்ட பழைய சோதனை முறையில் கிடைத்த எண் அது. ஏழு பேரும் மூட்டைகளும் குளிர்சாதனமும் சேர்ந்தால் 300 கிலோமீட்டர் என்று கொள்வதே விவேகம் என்பது என் மதிப்பீடு. தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்ப அது போதும், கன்னியாகுமரிக்கும் போதும். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு இருமுறையாவது நிறுத்தி மின்னேற்ற வேண்டும். சாதாரண நாளில் இது பெரிய இடர் அன்று. பொங்கல் முடிந்து எல்லா வண்டிகளும் ஒரே இரவில் வடக்கு நோக்கித் திரும்பும்போது, மின்னேற்றும் நிலையத்தில் எத்தனை வண்டிகள் வரிசையில் நிற்கும்? வாடகைச் சந்தையில் நாம் கண்ட அதே உச்சநாள் மோதல் இங்கே சாலையோரத்தில் நிகழும். ஐந்து நிமிடத்தில் நிரப்பும் பெட்ரோல் நிலையம் இந்த உச்சத்தைத் தாங்குகிறது. ஒரு மணிநேரம் எடுக்கும் மின்னேற்றி தாங்காது.

(சாரலைக் கொண்டுவரும் அதே கணவாய்க் காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பகுதிக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. நம் ஊரில் சுற்றுலாக் கூட்டமும் காற்று மின்சாரமும் ஒரே பருவத்தில் உச்சமடைகின்றன. மின்னேற்றும் நிலையங்களை இதையொட்டித் திட்டமிட மின்வாரியத்துக்கு அரிய வாய்ப்பு இருக்கிறது.)

போட்டியும் காத்திருக்கவில்லை. கியா தன் கேரன்ஸ் கிளாவிஸ் வண்டியின் மின்வடிவத்தை 2025 ஜூலையில் 17.99 லட்சத்தில் தொடங்கியது. நவம்பரில் மகிந்திரா தன் ஏழு இருக்கை எக்ஸ்இவி 9எஸ் வண்டியை 19.95 லட்சத்தில் இறக்கியது. இவ்விரு நிறுவனங்களுக்கும் நாடு முழுவதும் பழுதுநீக்கும் நிலையங்கள் உள்ளன. வின்ஃபாஸ்டோ உலக அளவில் இன்னமும் இழப்பில் இயங்கும் நிறுவனம்.

மக்களின் தயக்கம் இங்கேதான் வேர்கொண்டிருக்கிறது. செவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. அதுவரை குற்றால வண்டி நிறுத்தங்களில் நிறைந்திருந்த டவேராக்களின் மறுவிற்பனை மதிப்பு என்னவாயிற்று என்பதை அவற்றின் உரிமையாளர்கள் மறக்கவில்லை. 2021-இல் ஃபோர்டு வெளியேறுவதாக அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலையின் தொழிலாளர்களும் நாடெங்கும் அதன் கார்களை வைத்திருந்தவர்களும் ஒரே நாளில் கலங்கினார்கள். கார் என்பது பத்தாண்டு ஒப்பந்தம். நிறுவனம் பத்தாண்டு இருக்குமா என்ற ஐயத்தின் விலை, மின்கலத்தின் விலையைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

தூத்துக்குடியில் ஆலை இருப்பது அந்த ஐயத்தை ஓரளவு குறைக்கும். முற்றிலும் நீக்காது, மறைமலைநகரிலும் ஆலை இருந்ததே. ஐந்தாண்டு முடிவில் இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று நிறுவனம் எழுத்தில் உறுதியளித்து, அதை ஒரு வங்கியின் உத்தரவாதத்துடன் தந்தால், பாதி விற்பனை அங்கேயே முடிந்துவிடும் என்பேன். வெறும் விலைக்குறைப்பு அதைச் செய்யாது. மலிவு என்ற சொல்லே மறுவிற்பனையில் எதிரியாகிவிடும். ஆலைக்கு நிலமும் சலுகையும் அளித்த மாநில அரசும், அத்தகைய உறுதியைக் கேட்கும் நிலையில்தான் இருக்கிறது. வரிவிலக்காக வண்டிதோறும் லட்சக்கணக்கில் பொதுப்பணம் துறக்கப்படும்போது, பத்தாண்டுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பது மிகையான கோரிக்கை அன்று.

என் கணிப்பு இதுதான்: முதல் இரண்டு ஆண்டுகளில் குடும்பங்கள் இவ்வண்டியைப் பெரிய எண்ணிக்கையில் வாங்கமாட்டா. வாங்குபவர்கள் வாடகைக்காரர்களாக இருப்பார்கள். நாளொன்றுக்கு 200, 250 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் இடையிலான வேறுபாடே தவணைத் தொகையில் பெரும்பகுதியைக் கட்டிவிடும். அவர்களுக்குக் கடன் தரும் நிதி நிறுவனங்கள் புதிய நிறுவனத்தின் வண்டிக்கு எத்தனை விழுக்காடு கடன் தருகின்றன, எவ்வளவு கூடுதல் வட்டி கேட்கின்றன என்பதை அறிந்தால், காட்சியக நெரிசலைப் பார்க்காமலே விற்பனையைக் கணித்துவிடலாம். ஜூன் மாதம் சாரல் தொடங்கும்போது, தென்காசி ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் வண்டிகளில் பச்சை எண்பலகை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), கீழப்பாவூர்)